மின்சாரம் இல்லாத வருடங்களும் அம்மாவின் அடுக்களையும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். அந்த நாட்களில் ரொறன்ரோவிலிருந்து நண்பர் ஒருவரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். கொழும்பில் தனியே இருக்கும் அவளது மாமியார், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்கென வாங்கி வைத்திருந்த மீனையும் இறைச்சியையும் எறிய மனமில்லாமல் மீண்டும் மீண்டும் சூடாக்கிச் சாப்பிடுகிறாராம்.

"மாமா, நீங்கள் யாழ்ப்பாணத்தில அஞ்சு வருஷம் கரண்ட் இல்லாமல் இருந்தனீங்கள்தானே, சாப்பாட்டை என்ன செய்தனீங்கள்? அவவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று கேட்டாள்.

தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. இரண்டு நாட்கள் கழித்து அவளுக்கு நீண்டதொரு கடிதம் எழுதினேன். அதில் எழுதியவற்றையும், அதற்குப் பின்னர் நினைவுக்கு வந்தவற்றையும் இங்கே தருகிறேன்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடை காரணமாக மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரிபோட்டு எரித்த விளக்கின் வெளிச்சத்தில்தான் நாங்கள் செய்தி எழுதினோம். அச்சுத்தாள் இல்லாத நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளின் கொப்பித்தாளில், கோடுகளுக்கு மேலேயே, பத்திரிகை அச்சாகியது. எமது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி எலியும் எறும்பும் அண்டாத அலுமாரியாக மாறியது. அம்மா அதற்குள் மாப்பேணிகளையும் சீனிப் போத்தலையும் வைத்தார். கிராமங்களில் பெரும்பாலான வீடுகளில் அந்த அலுமாரியும் இருந்ததில்லை. ஆகவே அவர்களுக்கு இதனால் பெரிய மாற்றம் எதுவும் ஏற்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அம்மாவின் முதலாவது விதி, சமைத்ததைச் சேமிக்காதே என்பது. ஒரு வேளைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே உலையில் ஏறும். மீன் சந்தைக்கு வந்த அன்றே வாங்கி, வாங்கியவுடன் வெட்டிக் கழுவிச் சமைத்து, மத்தியானமே முடித்துவிடவேண்டும். தேங்காய்ப்பால் விட்ட கறியும் சொதியும் இரவுக்கு நிற்காது என்பதால் அவை மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும். இரவுக்கென்றால் புளி விட்டுச் சுண்டவைத்த குழம்பு. பசுப்பாலைக் கறந்தவுடன் காய்ச்சுவார், மாலையில் மறுபடியும் காய்ச்சுவார், மிஞ்சியதற்கு உறை ஊற்றிவிடுவார். அடுப்புக்குப் பொச்சுமட்டையும் பனைமட்டையும் இருந்தபடியால் மண்ணெண்ணெய்க்காக அம்மா ஏங்கவில்லை.

இந்த விதியின் நியாயத்தை இன்றைய உணவு விஞ்ஞானம் எண்களில் சொல்கிறது. 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணித்தியாலங்களுக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எமது நாட்டில் நடு இரவிலும் அடுக்களை 25 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அப்படியானால் மூடி வைத்த கறிச்சட்டி என்பது கிருமி வளர்க்கும் சட்டியே. அம்மாவுக்கு எண் தெரியாது. வெயில் சாயமுன் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

அப்படியானால் எதைச் சேமித்தார்கள்? நீரை அகற்றிய பொருட்களை. இதில் யாழ்ப்பாணத்தவரின் கெட்டித்தனம் உண்மையில் வியப்புக்குரியது. தை, மாசியில் கிண்டியெடுத்த பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். நன்கு காய்ந்தது உடையும்போது 'டக்' என்று சத்தம் கேட்கவேண்டும், வளைந்தால் மறுபடியும் வெயிலில் போடவேண்டும். ஒடியலை இடித்து மாவாக்கினால் கூழும் பிட்டும் வருடம் முழுவதும் கைக்கெட்டும். ஆவணியில் பனம்பழக் களியைப் பாயில் பூசி, காயக்காய மேலே பூசிப் பனாட்டு எடுப்பார்கள். பனங்கட்டி ஓலைக் குட்டானுக்குள் இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், பாகற்காய் வற்றல். அரிசிமாவை வறுத்து வைப்பார்கள், கோதுமைமாவை அவித்து அரித்து வைப்பார்கள். வண்டு பிடிக்காதிருப்பதற்கு அதுவே வழி.

நீர் இல்லாத இடத்தில் கிருமிகள் பெருக முடியாது. உப்பும் சீனியும் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். உணவில் உள்ள நீரைக் கிருமிகளுக்குக் கிடைக்காதபடி அவை பிடித்துவைத்துக்கொள்கின்றன. கருவாடும் பனங்கட்டியும் நிலைப்பது இதனால்தான். 1681இல் வெளிவந்த தனது நூலில் றொபேட் நொக்ஸ், வேடர்கள் மரப்பொந்தில் தேனை விட்டு அதற்குள் இறைச்சியை நிரப்பிக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைத்திருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஏறக்குறைய இருபது வருடங்கள் கண்டியில் சிறைப்பட்டிருந்த அந்த வெள்ளைக்காரர் எமது நாட்டு அடுக்களைகளை எவ்வளவு கவனித்திருக்கிறார் என்று நான் நினைப்பதுண்டு.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது இந்தச் சேமிப்பின் பெறுமதி புரிந்தது. வறுத்த மா, ஒடியல் மா, பனங்கட்டி, கருவாடு இருந்தவர்களின் பிள்ளைகள் அடுத்த சில நாட்கள் ஏதோ சாப்பிட்டார்கள். மழையில் நனைந்த மூட்டைகள் இரண்டு நாட்களில் பூஞ்சணம் பிடித்தன.

பழையதெல்லாம் நல்லது என்று எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. எமது முன்னோர் நோய்நொடியின்றி வாழ்ந்தார்கள் என்று எழுதுபவர்களுக்கு, பத்திரிகையாளனாக நான் அறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும்.

தடைக்காலத்தில் வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் அந்தியேட்டிச் சாப்பாடு. விடியவே சமைத்துவிட்டார்கள். அன்று குண்டுவீச்சு விமானங்கள் சுற்றியதால் வரவேண்டியவர்கள் வரவில்லை. பெரிய அண்டாவில் சோறு சூட்டோடு மூடியபடி மாலை வரை இருந்தது. வீணாக்கக் கூடாதென்ற நல்ல மனத்தோடு அயலவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். சோறு மணக்கவில்லை, புளிக்கவில்லை, நிறம் மாறவில்லை. இரவு எட்டு மணிக்குள் பதினொரு பேருக்கு வாந்தி. எரிபொருள் இல்லாததால் வாகனம் இல்லை, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வைத்தியசாலையில் சேலைன் தட்டுப்பாடான காலம். பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வரவில்லை. அடுத்த நாள் கொப்பித்தாள் பத்திரிகையில் அது நான்கு வரிச் செய்தி. அன்றைய விமானத் தாக்குதல் செய்திக்கு முழுப் பக்கமும் போயிருந்தது.

அந்தப் பிள்ளையின் தாயார், "நான் மணந்து பார்த்துத்தானே குடுத்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மணந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் இங்கே முக்கியமானது. உணவைப் புளிக்கவும் நாறவும் வைக்கும் கிருமிகள் வேறு, ஆளை வீழ்த்தும் கிருமிகள் பெரும்பாலும் வேறு. சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்றொரு நுண்ணுயிர் உண்டு. அதன் வித்துக்கள் கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் பல மணித்தியாலம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை ஏற்படுத்தும் அந்த நஞ்சை மறுபடியும் சூடாக்குவதால் அழிக்க முடியாது. கொழும்பு மாமியார் செய்துகொண்டிருந்ததும் இதுபோன்றதுதான். சூடாக்கினால் கிருமி சாகும், அது ஏற்கனவே சுரந்துவிட்ட நஞ்சு போகாது.

அப்படியானால் பழஞ்சோறு? வாசகர்கள் இதைக் கேட்பார்கள் என்று தெரியும். பழஞ்சோற்றுக்குரிய சோற்றை அம்மா சூட்டோடு மூடி வைத்ததில்லை. அகலமான சட்டியில் பரப்பி ஆறவிட்டு, கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி, காற்றுப்படும்படி உறியில் வைப்பார். இரவில் அது இலேசாகப் புளிக்கும். அந்தப் புளிப்பு வேறு கிருமிகளை அடக்குகிறது. விடிந்ததும் வெங்காயமும் பச்சைமிளகாயும் மோரும் சேர்த்துச் சாப்பிட்டு முடித்துவிடவேண்டும். மத்தியானத்துக்கு வைப்பதில்லை. இருந்தாலும் இதை முழுமையாகப் பாதுகாப்பானது என்று நான் சொல்லமாட்டேன். கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், நோயாளிக்கும் கொடுக்காமல் விடுவதே நல்லது.

புளிப்பினால் காக்கப்படும் உணவுகள் பல. தேசிக்காய் ஊறுகாய் அதில் முதன்மையானது. தென்னிலங்கையில் சிங்களவர்கள் கொறுக்காய்ப் புளியை அரைத்து மீனில் தடவி, நீர் வற்றும்வரை மண்சட்டியில் வேகவைக்கும் அம்புல்தியல் சில நாட்கள் கெடாமல் இருக்கும். மாத்தறைப் பக்கம் போனபோது அதைச் சாப்பிட்டிருக்கிறேன், எங்கள் தீயலுக்குக் குறைந்ததல்ல. ஆனால் அது பிடித்த சூட்டோடு செய்யவேண்டிய கறி. சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்களை வெயிலில் சில மணித்தியாலம் விட்டால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். முகம் சிவக்கும், தலையிடிக்கும், உடல் கடிக்கும். பொரித்தாலும் அவித்தாலும் கருவாடாக்கினாலும் அது போகாது. பழுதான மீனைக் கருவாடாக்கலாம் என்ற எண்ணம் எமது கடற்கரைகளில் இன்னமும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உரித்த உள்ளியை எண்ணெய்க்குள் போட்டு மேசையில் வைக்காதீர்கள். புளியும் உப்பும் இல்லாத அந்த எண்ணெய்க்குள் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டியூலிசக் கிருமிக்கு அது நல்ல வீடு. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் செத்தல் மிளகாயையும் கழுவிக் காயவைத்துப் பாவிப்பதும் வேண்டாம். அவற்றில் உண்டாகக்கூடிய அஃப்ளடொக்சின் சமையலில் அழிவதில்லை, ஈரலைக் கெடுக்கும்.

நைஜீரியாவைச் சேர்ந்த மொகமட் பா அப்பா என்ற ஆசிரியர், ஒரு மண்பானைக்குள் இன்னொன்றை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி மரக்கறிகளைக் குளிராக வைத்திருக்கும் முறையைப் பரப்பியதற்காக 2000ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது பெற்றார். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. எமது தண்ணீர்ப்பானையின் தத்துவமும் இதுவே. வெளிக்காற்று வறண்டிருந்தால்தான் இது நன்றாக வேலை செய்யும். சோளகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்தில் தக்காளியும் கீரையும் ஓரிரு நாட்கள் கூடுதலாக நிற்கும். வாடைக்காலத்து ஈரக்காற்றில் பானை ஈரமாக இருக்குமே தவிரக் குளிராது. மீனையும் இறைச்சியையும் காக்கும் அளவு குளிர் எந்தக் காலத்திலும் அதில் கிடைக்காது.

ரொறன்ரோப் பிள்ளைக்கு எழுதிய கடிதத்தில் கொழும்பு மாமியாருக்கெனச் சிலவற்றைத் தனியாகக் குறித்திருந்தேன். மின்சாரம் நின்றதும் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் சுமார் 4 மணித்தியாலம் உள்ளே குளிர் நிற்கும். 13 மணித்தியால வெட்டுக்கு அது போதாது. ஆகவே மீனும் இறைச்சியும் அன்றன்றைக்கு மட்டும் வாங்கவேண்டும். முட்டையைக் கழுவாமல் நிழலில் வைத்தால் போதும். பருப்பு, நெத்தலிக் கருவாடு, மாசி, வற்றல் ஆகியவை குளிர் கேட்பதில்லை. சந்தேகம் வந்தால் ருசி பார்க்காமல் எறிந்துவிடவேண்டும்.

எறிவதில்தான் அந்த அம்மாவுக்குச் சிரமம் இருந்தது. ஒரு கிலோ மீனின் விலை அப்போது அப்படி. பின்னர் அவரே என்னை அழைத்தார். வெள்ளவத்தைச் சந்தையில் ஒடியல் மா கிடைக்குமா என்று கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒருவர் மூலம் இரண்டு கிலோ அனுப்பிவைத்தேன்.