பேய்ப் பேழைகள்

மக்களுள் சிலர் அஞ்சல் தலைகளைத் தொகுப்பர். சிலர் பழங்காசுகளைத் தேடித் திரிவர். எமக்கு வாய்த்த பித்து இவ்விரண்டினும் வேறானது. குறைந்த பொருட்செலவில் எடுக்கப்பெற்று, பலராலும் மறக்கப்பட்ட பேய்ப்படங்களின் வீடியோ கேசட்டுகளை யாம் தொகுத்து வருகின்றோம். தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு இது தகுமோ எனப் புருவம் நெரிக்கும் நண்பர்கட்கு விடையாகவே இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

பேய் தமிழர்க்குப் புதியதன்று. சுடுகாட்டில் பேயொன்று தலையைக் கையிலேந்தி ஆடக் கண்டு, அஞ்சி ஓடிவந்து, தாய் கோதமையின் முன் உயிர்விட்ட சார்ங்கலன் கதையை மணிமேகலையிற் படிக்கின்றோம். கலிங்கத்துப்பரணியிலோ, போர்க்களத்துப் பேய்கள் கூழட்டு உண்கின்றன. அப்போருக்குக் குலோத்துங்கன் ஆணையிட்டது எம் ஊராகிய காஞ்சியில் வீற்றிருந்த காலத்தேயாம். ஏட்டிலிருக்கும் பேய்க்கு மதிப்பெண் கிடைக்கின்றது; நாடாவிலிருக்கும் பேய்க்கு நகைப்பே கிடைக்கின்றது. வேற்றுமை அவ்வளவே.

வீடியோ கேசட்டின் வரலாறு நெடிதன்று. இப்போது வி.எச்.எஸ். என வழங்கும் வகை 1976இல் சப்பான் நாட்டில் வெளிவந்தது. அதனுள் அரையங்குல அகலமுள்ள காந்த நாடா சுற்றப்பட்டிருக்கும். மூன்று மணிநேரக் கேசட்டில் அதன் நீளம் ஏறத்தாழ 258 மீட்டர். எண்பதுகளில் 'டெக்' என்னும் கருவியையும் வண்ணத் தொலைக்காட்சியையும் ஓரிரவு வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடிப் படம் பார்ப்பது நம் ஊர்களில் வழக்கமாயிற்று. தொண்ணூறுகளிற் கேபிள் தொலைக்காட்சியும், பின்னர்க் குறுந்தட்டும் வரவே, அவ்வழக்கம் ஒழிந்தது. 2016இல் சப்பானிய நிறுவனமாகிய ஃபுனாய் டெக் செய்தலை நிறுத்தியதோடு, புதிய டெக் என்பதே இல்லையாயிற்று.

எம் பெரியப்பா பிள்ளையார்பாளையத்தில் அத்தகைய வாடகைக் கடையொன்று நடத்தியவர். தறியில் அமர மனமின்றி, குலத்தொழிலை விட்டுக் கடை வைத்தாரென்று வீட்டில் அவர்மேல் வருத்தம் இருந்தது. ஈராண்டுகட்கு முன் அவர் காலமானார். பரணிற் கிடந்த கேசட்டுகளைப் பெரியம்மா காயலான் கடைக்கு எடைக்குப் போட முற்பட்ட அன்றுதான் யாம் அவற்றை முதன்முதலாகப் பார்த்தோம். இரு சாக்குகளிற் கட்டி மிதிவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொணர்ந்தோம்.

அவற்றுட் பேய்ப்படங்களே எம் நெஞ்சைக் கவர்ந்தன. ராம்சே உடன்பிறந்தார் எடுத்த 'புரானா மந்திர்' (1984), 'வீரானா' (1988) என்னும் இந்திப் படங்கள் இருந்தன. அவ்வுடன்பிறந்தார் எழுவர், கதையை ஒருவர், ஒளிப்பதிவை ஒருவர், ஒலிப்பதிவை ஒருவர், படத்தொகுப்பை ஒருவர் எனக் குடும்பமாகவே தொழிலைப் பகிர்ந்துகொண்டனர். தந்தை பாவோட, தாய் நூல் சுற்ற, பிள்ளைகள் கைகொடுக்கும் நெசவாளர் வீட்டிற் பிறந்த எமக்கு அது வியப்பாகத் தோன்றவில்லை. தமிழில் 'யார்?' (1985), 'பதிமூணாம் நம்பர் வீடு' (1990), 'உருவம்' (1991) ஆகியன இருந்தன. சாம் ரைமி என்னும் இளைஞர் தம் நண்பரோடு கூடிக் காட்டுக் குடிலொன்றில் எடுத்த 'ஈவில் டெட்' (1981) என்னும் ஆங்கிலப் படமும், உறை கிழிந்த நிலையில் இருந்தது.

இப்படங்களிற் குறைகள் மலிந்துள என்பதை யாம் மறுக்கவில்லை. முகமூடியின் விளிம்பு கழுத்தருகே தெரியும். குருதி சாயமென்பது குழந்தைக்கும் புலப்படும். ஆயினும் கையிற் பொருளின்றி, விளக்கும் புகையும் கதவின் ஓசையுமே துணையாகக் காண்போரை அஞ்சச் செய்ய முயன்றவரின் உழைப்பு அவற்றில் தெரிகின்றது. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' (1931) படத்திற்கே இன்று ஒரு படியும் கிடைத்திலது. பெரும்புகழ் பெற்றதற்கே அந்நிலையெனின், புகழிலாப் படங்களைக் காப்பார் யார்?

வீட்டில் எதிர்ப்பு எழாமலில்லை. எம் பாட்டியார் நாள்தோறும் விடியலில் வேதப்புத்தகம் வாசித்துச் செபிப்பவர். "செபம் பண்ணுகிற வீட்டில் பிசாசுக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறாயே, கண்ணு!" என்று நொந்துகொண்டார். யாம் சார்ங்கலன் கதையை எடுத்துரைத்தோம், அவர் செவிசாய்க்கவில்லை. கேசட்டுகள் தறிக்கூடத்தின் மூலைக்குத் துரத்தப்பட்டன.

சென்ற மழைக்காலத்தில் எம் அறியாமையால் ஒரு தீங்கு நேர்ந்தது. ஈரத்தால் நாடாவின்மேல் வெண்பூஞ்சை படர்வதுண்டு. கேசட்டின் ஐந்து திருகாணிகளையுங் கழற்றி, நாடாவைக் கையாற் சுற்றி, மெல்லத் துடைத்த பின்னரே டெக்கிலிட வேண்டும். அதனை அறிந்திருந்தும் ஆவல் மிகுதியால் 'பதிமூணாம் நம்பர் வீடு' கேசட்டை அப்படியே செருகினோம். முடிவுக் காட்சிக்குச் சற்று முன் கருவி கிறீச்சிட்டது. வெளியே இழுத்தபோது நாடா கசங்கி அறுந்திருந்தது.

தறியிலிருந்த தந்தையார் எழுந்து வந்தார். "இழை அறுந்தால் தறியை விற்றுவிடுவோமா?" என்றார். கசங்கிய பகுதியை நேராக வெட்டியெடுத்து, இரு முனைகளையும் பொருத்தி, பின்புறம் மெல்லிய ஒட்டுநாடா வைத்து இணைத்தார். நெசவிற் குறுக்கே ஓடும் குழலுக்கும் நாடா என்றே பெயர். அந்த நாடாவைத் தள்ளிப் பழகிய விரல்கள் இந்த நாடாவையும் பிழையின்றிச் சேர்த்தன. பூஞ்சையைத் துடைக்க எமக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மீண்டும் இட்டோம். படம் முடிந்தது, திரையிற் புள்ளிகள் இரைந்தன. நிறுத்த எழுந்தபோது, திடுமென ஒரு பந்தலும் விருந்தும் தோன்றின. எம் அத்தையின் மணநாள் அது! மணவிழாக் கேசட்டின்மேலேயே பெரியப்பா அப்படத்தைப் பதிந்திருக்கின்றார். படம் எட்டாத இறுதிப் பகுதி மட்டும் அழியாது எஞ்சியிருக்கின்றது. அதிலே எம் பாட்டனார், தாமே நெய்த வெண்பட்டின் முன்றானையைக் கையிலேந்தி, விருந்தினர் ஒருவர்க்கு அதன் கரையை விளக்கிக்கொண்டிருந்தார். யாம் பிறப்பதற்கு ஈராண்டு முன்னரே மறைந்தவர் அவர். அவர் படம் சுவரில் உண்டு; அவர் குரலை யாம் அன்றே முதலிற் கேட்டோம்.

அடுக்களையிலிருந்த பாட்டியார் அக்குரல் கேட்டு வந்து, வாயிற்படியில் நின்றார். யாரும் பேசவில்லை. ஏழு நிமிடத்தில் நாடா தீர்ந்தது. "மறுபடி போடட்டுமா, பாட்டி?" என்றோம். "வேண்டாம், தேய்ந்துபோகும்" என்றார். சற்று நேரங் கழித்து, "அந்தப் பேய்ப்படத்தை எறிந்துவிடாதே, கண்ணு. அதற்குப் பின்னால்தானே உன் தாத்தா இருக்கிறார்" என்றார். அன்று மாலையே கேசட்டுகள் தறிக்கூடத்து ஈரத்தினின்று நீங்கி, அவருடைய அலமாரியில், பட்டுப்புடவைகளின் அருகே இடம்பெற்றன.

அப்பகுதியைக் கணினியிலும் பதிந்து வைத்துள்ளோம். ஆயினும் மணவிழாவை அழித்த பெரியப்பாவை நோவதா, படத்தைப் பரணில் வைத்துக் காத்தமைக்கு வாழ்த்துவதா என்பது எமக்கு இன்னும் விளங்கவில்லை. ஓலைச்சுவடிகளை ஊரூராய்த் தேடி, 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் பெருந்தொண்டோடு எம் சிறு விளையாட்டை ஒப்பிடுதல் பேதைமையாகும். எனினும், பரணிற் கிடப்பது இன்னதென்று பாராது எடைக்குப் போடலாகாது என்னும் பாடம் இரண்டிற்கும் பொதுவன்றோ? அன்புடைய மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை ஏறிப் பார்மின். பேய்ப்படம் கிடைப்பின் எமக்குத் தாரும். ஆனால், அதற்குமுன் நாடாவின் இறுதிவரை ஓட்டிப் பார்த்துவிடும்.