பெட்டியைத் திறக்குமுன்

இலக்கிய மலரில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வியக்கக்கூடும். கம்பரையும் கபிலரையும் பேசும் பக்கங்களுக்கிடையே கியரும் எண்ணெயுமாக நாங்கள் வந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் மூத்த அண்ணனுக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் கண்டு இடக்கால் சூம்பிவிட்டது. பம்பாய்க்குப் பிழைக்க வந்த நாள் முதல் மின்சார ரயில் நெரிசலில் ஒற்றைக் காலை ஊன்றி வேலைக்குப் போய்வந்தவர் அவர். 2003ஆம் ஆண்டில், கிளட்ச் மிதியே இல்லாத தானியங்கி கியர் வண்டி ஒன்றைக் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து வாங்கினோம். அதன் பிறகுதான் யாருடைய கைத்தாங்கலும் இன்றி அவர் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகலானார். பிறருக்கு அது சொகுசு. அவருக்கு அதுவே இடக்கால்.

வண்டிக்கு 15 ஆண்டு நிறைந்ததும் 2018இல் பதிவைப் புதுப்பித்தோம். மறு ஆண்டே தொல்லை தொடங்கிற்று. நின்ற வண்டியில் கியர்க்கோலை நகர்த்தினால் அடியில் யாரோ உதைத்தாற்போல் ஒரு 'தொம்'. ஓட்டத்திலோ, முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற வேண்டிய இடத்தில் மாறாமல் எஞ்சின் இரைந்து, பின்னர் பிடரியில் அறைந்தாற்போல் மாறும். முதலில் காட்டிய பணிமனையில், ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமலே, "பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகைக்கு அந்த வண்டியையே விற்றாலும் ஈடாகாது. புதுத் தானியங்கி வண்டி வாங்க ஓய்வூதியத்தில் வழியில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பழைய ரயில் பாஸ் உறையை மட்டும் எடுத்துத் துடைத்து வைத்தார்.

தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியோர் பலர் உண்டென்பது மும்பைத் தமிழர் அறிந்ததே. அவர்களுள் ஒருவரான முதிய மெக்கானிக்கிடம் போனோம். அவர் கருவி எதையும் கையிலெடுக்கவில்லை. கேள்விகள்தாம் கேட்டார். "நிக்கையில இடிக்கா, ஓடையில இடிக்கா அண்ணாச்சி? காலைல மட்டுமா, சூடேறுன பெறவுமா? ஒரு கியர்லயா, எல்லாத்துலயுமா?"

இக்கேள்விகளின் அருமை விளங்க வேண்டுமாயின் பெட்டியின் உள்ளே நடப்பதைச் சற்றே அறிதல் வேண்டும். எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இவ்வகை வண்டியில் இணைப்பது எண்ணெய். எதிரெதிரே வைத்த இரு விசிறிகளில் ஒன்று சுழன்று எண்ணெயை வீச, அவ்வீச்சில் மற்றொன்று சுழல்கிறது. உள்ளே கியர்களை மாற்றுவதும் எண்ணெயே. அதன் அழுத்தம் மெல்லிய கிளட்ச் தட்டுகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கிறது. மிதியை மெல்ல அழுத்தினால் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். அப்போது தட்டுகள் பையப் பிடிக்கும். ஓங்கி அழுத்தினால் பிடியும் இறுக வேண்டும். இல்லையேல் தட்டுகள் வழுக்கித் தீய்ந்துபோம். ஓட்டுநர் கால் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதைப் பெட்டிக்குச் சொல்வது யார்? பழைய அமெரிக்க வண்டிகள் பலவற்றில் எஞ்சினின் உறிஞ்சு விசை சொன்னது. பின்னாளில் மின்னணுக் கருவி சொல்லலாயிற்று. எங்கள் வண்டியில் அதைச் சொல்வது ஒரு கம்பி.

ஒரே ஒரு மாற்றம் மட்டும் முரடாக இருந்தால் அம்மாற்றத்துக்குரிய தட்டையோ வால்வையோ ஐயுறலாம். சூடேறிய பின்னரே கெடுமாயின் எண்ணெயையும் ரப்பர் வளையங்களையும் நோக்க வேண்டும். எல்லா மாற்றமும், காலையிலும் மாலையிலும் ஒரேபோல், தாமதித்து அறைந்து நிகழ்ந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான அழுத்தமே மிகுந்திருத்தல் கூடும். எங்கள் வண்டி இவ்வகை.

அடுத்து எண்ணெய். சமதளத்தில் நிறுத்தி, சூடேற்றி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க அளவுக்கோலை உருவிப் பார்த்தார். சில வண்டிகளுக்கு எஞ்சினை அணைத்த பின்பே பார்க்க வேண்டும் என்பதால் கையேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிய பிறகே இதைச் செய்தார். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு. செம்மை மங்கிப் பழுப்போடியிருந்தது. தீய்ந்த நாற்றம் இல்லை, மினுக்கும் உலோகத் துகளும் இல்லை. "தட்டு கருகலை. பயப்படாதிய" என்றார். அச்சொல்லைக் கேட்டு அண்ணன் முதன்முறையாகத் தேநீர் வேண்டுமென்றார். இந்த எண்ணெய் பற்றி ஒரு செய்தி: 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதில் திமிங்கில எண்ணெய் கலப்பதுண்டு. தட்டுகள் உதறாமல் பிடிக்க அதற்கு நிகர் இல்லை என்று கருதினர். திமிங்கில வேட்டைப் பொருள்களுக்கு அங்கே தடை வந்த பின் மாற்றுச் சேர்மங்களைத் தேடினார்கள். இன்றும் வண்டிக்கு வண்டி எண்ணெய் வேறு. சிவப்பாக இருக்கிறதே என்று கண்டதை ஊற்றினால் அதனாலும் கியர் முரடாகும்.

குற்றம் கம்பியில் இருந்தது. சில மாதங்களுக்கு முன் ஆக்ஸிலரேட்டர் கம்பி மாற்றியபோது, பக்கத்தில் இருந்த இக்கம்பியையும் யாரோ முறுக்கி இழுத்துவிட்டிருக்கிறார்கள். கால் லேசாக இருக்கும்போதே, "ஓங்கி மிதிக்கிறார்" என்று அது பெட்டிக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. இடி நிற்கும்வரை தளர்த்தினால் போதாதா என்று கேட்டோம். கூடவே கூடாதாம். அளவுக்கு மீறித் தளர்ந்தால் மாற்றம் வெண்ணெயாக வழுக்கும், சுகமாக இருக்கும், சில மாதங்களில் தட்டுகள் கருகும். பலர் இந்தச் சுகத்தை விலைக்கு வாங்கித்தான் பெட்டியை இழக்கிறார்கள் என்பது அவர் கருத்து. எங்களுக்கும் அது சரியென்றே படுகிறது. மிதியை முழுவதும் அழுத்தச் சொல்லி, கையேட்டில் கண்ட இடைவெளிக்குக் கம்பியை இருத்தினார்.

நின்றபோது கேட்ட 'தொம்' வேறு கதை. முன் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, பிரேக்கை அழுத்தியபடி கோலை நகர்த்தச் சொல்லி, மூடியைத் திறந்து பக்கவாட்டில் நின்று நோக்கினார். எஞ்சின் ஒரு கைப்பிடி உயரம் எழும்பி விழுந்தது. அதைத் தாங்கும் ரப்பர் கட்டை பிளந்திருந்தது. இவ்விரு குற்றங்களும் ஒரே காலத்தில் வந்ததால்தான் ஒரு பெரிய குற்றம்போல் தோன்றின.

கட்டை குர்லாவில் கிடைத்தது. அதற்கும், புது எண்ணெய்க்கும், அவர் கூலிக்குமாகப் பணிமனை கேட்டதில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கப் போகும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குகையில் மட்டும் மெல்லிய உதறல் ஒன்று எஞ்சியது. அதையும் பார்க்கலாமா என்றோம். "அதுக்குப் பெட்டியைத் தொறக்கணும். ஓடுதவரைக்கும் ஓடட்டும்" என்றார். அண்ணனும் தலையசைத்தார். வண்டியை அன்று செம்பூர் வரை அவரே ஓட்டி வந்தார்.