கூழா மரத்தை விட்டு வைத்தவர்களுக்கு



உங்கள் பெயரும் ஊரும் எனக்குத் தெரியாது. சம்மாந்துறைக்கு அப்பால், வயல்வெளியின் மேட்டு வரம்பில் ஒரு கூழா மரம் நிற்கிறது. காட்டை வெட்டி வயலாக்கிய நாளில் அதை மட்டும் விட்டு வைத்தவர் யாரோ, அவருக்கும், அவருக்குப் பின் அதைக் காத்த வயலுடைய போடிமாருக்கும் வயலை மேற்பார்க்கும் முல்லைக்காரர்களுக்கும் இந்த மடல்.

2025இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31ஆம் திகதி வந்தது. மாரிப்போக வெட்டு முடிந்து வயலெல்லாம் ஒட்டுத்தாளாய்க் கிடந்த நேரம். பெருநாளை அடுத்த சனிக்கிழமை கல்முனையிலிருந்து மச்சானின் வயல்வாடிக்குப் போனோம். உம்மா, ராத்தா, பிள்ளைகள் என்று வேன் நிறைய ஆட்கள். வாடி தெரியுமுன்பே மகள் கத்தினாள்: "உம்மா, அங்க பாருங்க, மரம் முழுக்கப் பூ!"

"பூ இல்ல மனே, கொழுந்து" என்றார் என் உம்மா.

கிட்டப் போய்ப் பார்த்தோம். பழைய இலை முக்கால்வாசி உதிர்ந்து காலடியில் சருகாகச் சலசலத்தது. கொப்பு நுனிகளில் புதிய இலைகள் இன்னும் விறைக்காமல் துவண்டு தொங்கின. இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்த சிற்றிலைகள், நிழலில் கருஞ்சிவப்பு. வெயில் ஊடுருவும் இடத்தில் செம்பு. சற்று முந்திய கொழுந்துகளில் நரம்போரம் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் அன்று முழுவதும் அந்த மரத்தடியை விட்டு வரவில்லை. சகனில் வைத்த சோற்றையும் அங்கேயே சுற்றியிருந்து சாப்பிட்டோம்.

கனடாவில் இருக்கும் தம்பி ஒவ்வொரு ஒக்டோபரிலும் மேப்பிள் மரங்களின் படம் அனுப்புவான். இப்படியொரு காட்சி நமக்கு இல்லையே என்று பிள்ளைகள் ஏங்குவார்கள். அங்கே குளிர் நெருங்கும்போது பச்சையம் வற்ற, இலை சிவந்து உதிர்கிறது. நம் கூழா சிவப்பாகவே பிறந்து பச்சையாக வளர்கிறது. இரண்டுக்கும் நிறம் கொடுப்பது அந்தோசயனின் என்ற ஒரே வகைச் சாயம். பச்சையம் முழுதாக ஊறாத இளந்தளிரைக் கடும் வெயிலிலிருந்து அது காக்கிறது என்கிறார்கள் தாவரவியலாளர்கள். அவர்களுக்கு விடைபெறும் நிறம், நமக்குப் பிறக்கும் நிறம். அன்று எடுத்த படத்தைத் தம்பிக்கு அனுப்பி வைத்தோம்.

ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. அதனால் பெருநாள் பருவங்களினூடே பின்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்று வருகிறது. கூழா தளிர்க்கும் காலமும் நோன்புப் பெருநாளும் சேர்வது அந்தச் சுற்றில் சில ஆண்டுகளுக்குத்தான். அடுத்த சுற்றில் அவை சேரும்போது என் மகளுக்கு நாற்பது வயது கடந்திருக்கும். அன்றும் மரம் அங்கே நிற்க வேண்டும் என்று மனம் கேட்கிறது.

அது இன்றுவரை நின்றதன் விலையை மச்சான் சொல்லித்தான் அறிந்தேன். மர நிழல் விழும் வரவையில், அதாவது வயல் துண்டில், விளைச்சல் குறையும். கூழா விறகு நின்றெரியும் என்பதால் சூளைக்காரர்கள் பலமுறை விலை பேசி வந்திருக்கிறார்கள். போகத்துக்குப் போகம் கொஞ்ச நெல்லை இழந்தும், கைக்கு வந்த காசை வேண்டாமென்றும் நீங்கள் அந்த மரத்தை எங்களுக்குத் தந்திருக்கிறீர்கள்.

வயல்வாடிக்குப் போன மறுநாள் இங்கினியாகல போய்ச் சேனாநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டில் நின்றோம். அந்த நீர்த்தேக்கத்தின் நீரேந்து பரப்பைக் காக்கவே 1954இல் கல்லோயா தேசிய பூங்கா உருவானது. அந்தக் காடு மண்ணைப் பிடித்து வைப்பதால்தான் நீர் தங்குகிறது. அந்த நீர்தான் கரையோரத்து வயல்கள்வரை வருகிறது. அந்தக் காட்டைக் காவல் செய்யும் ஊழியர்களுக்கும் என் நன்றி உரியது.

கடற்கரையில் வாழும் நாங்கள் மரத்தின் அருமையைப் பட்டறிந்தவர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் எடுத்துப்போன உயிர்களுக்கு ஈடே இல்லை. அந்த உயிர்களோடு வீடும் வளவும் வளவில் நின்ற மரங்களும் போயின. இன்று எங்கள் பக்கத்தில் மதிலோடு மதில் ஒட்டி வீடுகள். பருவம் மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேன் பிடித்து வர வேண்டியிருக்கிறது.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதரோ மிருகமோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று எங்கள் நபி (ஸல்) கற்றுத் தந்தார்கள். தானாக முளைத்த மரத்தை நட்டப்பட்டும் வெட்டாமல் விட்டவருக்கும் அல்லாஹ் அந்தக் கூலியைத் தரட்டும் என்று துஆச் செய்கிறேன்.

எங்கள் கைம்மாறும் ஒன்று உண்டு. கூழாம்பழக் காலத்தில் கொட்டைகளைச் சேர்த்து, மாரி மழைக்கு முன் வாய்க்கால் ஓரத்தில் ஊன்றுவதென்று குடும்பமாகத் தீர்மானித்திருக்கிறோம். நிழல் விழும் வரவையின் நட்டத்தில் இனி நாங்களும் பங்கெடுப்போம்.


கல்முனையிலிருந்து ஒரு தாய்