கண் சிமிட்டிய கார்

உங்கள் வீட்டுக் கார் இருட்டில் கண் சிமிட்டியிருக்கிறதா? எங்கள் கார் சிமிட்டியது. அதைப் பார்த்து முதலில் சிரித்தவள் நான்தான். அந்தச் சிரிப்பு எங்கே போய் நின்றது என்று சொல்லுகிறேன், கேளுங்கள்.

சங்கரன்கோவில் ஆடித் தபசு பார்த்துவிட்டுக் கடையநல்லூர் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் ஸீட்டில் அத்தையும் குழந்தைகளும் நல்ல தூக்கம். புளியங்குடி தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியதுதான் தாமதம், பொசுக்கென்று முன் விளக்கு இரண்டும் அணைந்தன. அடுத்த குலுக்கலில் தாமாகவே எரிந்தன!

"பல்புதான் மக்கர் பண்ணுது. நிறுத்திப் பார்க்கட்டுமா?" என்றார் இவர்.

"வேண்டாம், வீடு போய்ச் சேர்ந்தால் போதும்" என்றேன் நான்.

சொக்கம்பட்டி அருகே மறுபடியும் இருட்டு. இவர் பிரேக்கை மிதித்தார். வெளிச்சம் திரும்பியபோது, பத்தடி முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "வெளக்கு இல்லாம வரலாமா, தாயி?" என்றார் என்னைப் பார்த்து. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். என்ன பதில் சொல்வேன்?

காரை ஓரங்கட்டிவிட்டு, வாடகைக் கார் வரவழைத்து வீடு சேர்ந்தோம்.

மறுநாள் மெக்கானிக் தம்பி வந்தார். "புது பல்பு போட்டுவிடு" என்றேன். அவர் சிரித்தார். "அக்கா, பல்பு ஃப்யூஸ் போனா போனதுதான், திரும்ப எரியாது. அதுலயும் ரெண்டும் ஒண்ணாப் போய், ஒண்ணாத் திரும்பி வருமா?"

எனக்குத் தோன்றாமல் போயிற்றே! பாட்டரியிலிருந்து ஒயர் வழியே விளக்குக்குப் போகும் மின்சாரம், காரின் இரும்பு உடம்பு வழியாகத்தான் திரும்புகிறதாம். அதற்கு 'எர்த்' என்று பெயர். எங்கள் காரில் இரண்டு விளக்குக்கும் எர்த் ஒரே போல்ட்டில். அதன் அடியில் துரு. குலுங்கினால் தொடர்பு விடும். மறுபடி குலுங்கினால் சேரும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கினார். பத்து நிமிஷ வேலை!

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு விளக்கு மட்டும் சிமிட்டினால், அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர், எர்த். ஹாரனும் சேர்ந்து ஊமையானால், பாட்டரி முனை தளர்ந்திருக்கலாம். டிம்மில் அணைந்து பிரைட்டில் எரிந்தால், டிம்-பிரைட் ஸ்விட்சைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் எரிந்து அணைந்து, ஆறியதும் மறுபடி எரிந்தால் ஸ்விட்சோ ரிலேயோ சூடாகிறது. ஆகாதா பின்னே? 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 9 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறதே!

ஃப்யூஸ் போனால் ஜிகினாத் தாளைச் சுற்றி ஒப்பேற்றாதீர்கள், ஒயரே தீப்பிடிக்கும். எல்.இ.டி. விளக்குள்ள புதுக் கார்களைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

அந்தி வேளையில் வீட்டுக்கு விளக்கேற்ற மறப்போமா? வெளியூர் கிளம்பும் நாளில் கார் விளக்கையும் சுவரில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இவர் மறந்தாலும் நான் விடுவதில்லை. அந்தத் "தாயி" இன்னும் என் காதில் இருக்கிறது.