அரிசட்டியும் ஆற்றுப் பொன்னும்

அரிசி களையும் தாய்மாரின் கைவண்ணத்தைக் கூர்ந்து நோக்கியவர் நம்மில் எத்தனை பேர்? உட்புறம் வரிவரியாய் அமைந்த அரிசட்டியில் நீர் வார்த்து, அதைச் சற்றே சாய்த்து, மெல்லச் சுழற்றுவார்கள். இலேசான அரிசி நீரோடு மறு பாத்திரம் சேரும். கனத்த கல்லும் மணலும் வரிகளில் தங்கிவிடும். ஆற்று மணலில் பொன் அரிப்போர் உலகெங்கும் கையாளும் வித்தையும் இதுவேயாகும். வேற்றுமை ஒன்றுதான். தாய் வீசியெறியும் அடிவண்டலையே பொன் அரிப்பவர் போற்றி வைத்துக்கொள்கிறார்.

இதன் காரணம் எளியது. பொன் தண்ணீரைவிட 19 மடங்குக்கு மேல் கனமுடையது. சாதாரண மணலோ ஏறத்தாழ இரண்டரை மடங்கே. ஆகவே வெள்ளத்தின் வேகம் குன்றுமிடத்தில் பொன்துகள் முதலில் படியும். ஆற்று வளைவின் உட்கரை, பெரும்பாறையின் மறைவு, அடிப்பாறையின் வெடிப்பு ஆகியவையே அது ஒதுங்கும் இடங்கள். மண்வெட்டி, வாளி, சல்லடை, அகன்ற தட்டு, ஒரு காந்தம் இவையே போதுமான கருவிகள். அரித்து அரித்துக் கடைசியில் கருமணல் மிஞ்சும். அதில் இரும்புச் சத்துள்ளதைக் காந்தத்தால் நீக்கியபின் எஞ்சியதில்தான் பொன் உண்டா, இல்லையா என்பது தெரியும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் விடுமுறை நாள் பொழுதுபோக்காகவே பலர் இதைச் செய்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னிடம் ஓடோடி வந்தார். “சாமி, கூடலூர் ஆத்துல தங்கம் கிடைக்குதாம்!” என்றார். கையிலிருந்த பொட்டலத்தில் மணல். அதில் மஞ்சளாய்ப் பளபளக்கும் துகள்கள். நீர் இறைக்கும் விசைப்பம்பு வாங்க மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைக்கவும் துணிந்திருந்தார். உள்ள பொன்னை விற்று இல்லாத பொன்னைத் தேடும் விந்தையை என்னென்பது!

அவர் கேட்ட செய்தி பொய்யன்று; ஆனால் கூடலூர்தான் வேறு. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கூடலூர் இருப்பதுபோல் நீலகிரி மாவட்டத்திலும் ஒரு கூடலூர் உண்டு. அதனை அடுத்த தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளின் வெண்கற்பாறைகளில் பொன் இழையோடுகிறது. அம்மலைகளிலிருந்து இறங்கும் புன்னப்புழை, சாலியாறு ஆகியவற்றின் மணலில் நிலம்பூர் வரை பொன்துகள் கிடைப்பதுண்டு. பணியரும் குறும்பரும் குழிந்த மரத்தட்டில் அதை அரித்து வந்த காலம் மிகப் பழையது.

அந்தத் துகள் பெரிய மனிதரையும் மயக்கிற்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த பிரஃப் ஸ்மித் என்பவரின் அறிக்கை 1880-இல் வெளியாயிற்று. அவ்வாண்டுகளில் இங்கிலாந்தில் கம்பெனிகள் புற்றீசல்போல் கிளம்பின. ஏறத்தாழ 50 இலட்சம் பவுன் ஸ்டெர்லிங் முதலீடு அறிவிக்கப்பட்டது. பாறையை உடைத்துப் பார்த்தபோது செலவுக்கு ஈடான பொன் கிட்டவில்லை. ஒருசில ஆண்டுகளுக்குள் எல்லாம் அடங்கிப்போயிற்று. பங்கு வாங்கியோர் பணமிழந்தனர். மலையில் மிஞ்சியவை இடிந்த சுரங்கங்களே. அவற்றுள் களவாக நுழைந்து மண் சரிந்து மாண்ட ஏழைகளும் உண்டு.

கோலாரின் கதை வேறுவிதம். கிராமத்தார் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதை 1802-இல் லெப்டினென்ட் வாரன் கண்டார். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே ஆழத் தோண்டினர். தமிழகத்திலிருந்து சென்ற ஏழைக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அச்சுரங்கங்களில் உழைத்தன. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற அவை 2001-இல் மூடப்பட்டன. பொன் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. பாறைத் தூசியால் கெட்ட நுரையீரல் தொழிலாளிக்கு எஞ்சிற்று.

இளைஞரிடம் இவற்றையெல்லாம் சொல்லி முடிப்பதைவிட ஆற்றுக்கே செல்வது நலமெனத் தோன்றிற்று. வீட்டிலிருந்து பழைய அரிசட்டி ஒன்றை அவர் கொண்டுவந்தார். முல்லைப்பெரியாற்றின் கரையில் அமர்ந்து அரித்தோம். அவர் நம்பியிருந்த மஞ்சள் துகள்கள் முதல் சுழற்சியிலேயே மேலெழுந்து நீரோடு போயின. பிடித்து வைத்த ஒன்றை ஊசியால் குத்தச் சொன்னேன். ஏடு ஏடாய் உதிர்ந்தது. பொன்னாயின் நசுங்குமேயன்றி நொறுங்காது. நிழலில் காட்டச் சொன்னேன், மினுக்கம் மறைந்தது. பொன்னோ நிழலிலும் தன் நிறம் காட்டும். “நம் முன்னோர் இதற்குக் காக்காய்ப்பொன் என்று பெயரிட்டுள்ளார்கள், தம்பி” என்றேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, “சங்கிலியை இன்னும் கழட்டல சாமி” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அன்று ஆற்றுக்குப் போனது தகும்.

அவர் அரிப்பதை விட்டுவிடவில்லை. விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, தட்டளவு மணலை அரித்து, கருமணல் காந்தத்தில் ஒட்டுவதைக் காட்டி, மணலை அங்கேயே கொட்டிவிட்டு வருகிறார். இதில் யாருக்கும் கேடில்லை. பொன் எடுப்பதே நோக்கமாயின் நிலைமை வேறு. 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். பொன்னைத் திரட்டப் பாதரசம் கலப்பதோ பெருங்கொடுமை. அதனைச் சூடாக்குவோர் நச்சுப் புகையைச் சுவாசிக்கின்றனர். நீரில் கலந்த நஞ்சு மீன் வழியே குழந்தைகளின் உடலைச் சேர்கிறது. இதைத் தடுக்கவே 2013-இல் மினமாட்டா உடன்படிக்கையை நாடுகள் செய்துகொண்டன.

நம் நகரங்களின் நகைப் பட்டறை வீதிகளில் விடியற்காலையில் தூசியைக் கூட்டி அரிக்கும் எளியோரைப் பார்த்திருப்பீர்கள். பிறர் மிதித்துச் சென்ற மண்ணில் ஒரு குன்றிமணி பொன்னேனும் தேறாதா என்று நாளெல்லாம் குனிந்து உழைக்கிறார்கள். அவர்களது பொறுமையை நாம் கற்கலாம். விரைவில் பணக்காரராகும் ஆசையை அவர்களிடம் காண இயலாது.

அன்பார்ந்த வாசகர்களே, 1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியே நம் பள்ளத்தாக்கிற்கு வந்து வயல்களை விளைவிக்கிறது. அந்த நெல்லைத்தான் நம் தாய்மார் அரிசட்டியில் இட்டு அரிக்கிறார்கள். ஆறு நமக்கு அளித்த பொன் எதுவென்று அவர்களைக் கேளுங்கள்.