வெண்பாக்கத்து ஊன்றுகோல்

திருவொற்றியூர்க்காரர்களிடம் சுந்தரர் கதையைக் கேட்டால் மகிழமரத்தடியோடு நிறுத்திவிடுவார்கள். அந்த மரத்தடியில் மனைவி சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தார், ஊர் எல்லையைத் தாண்டினார், கண் போயிற்று. எனக்கு அதற்குப் பிறகு நடந்ததில்தான் ருசி. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் போய்ப் பார்வை கேட்டவருக்கு, சிவபெருமான் பார்வையைக் கொடுக்கவில்லை. ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தார். சுந்தரர் அந்தக் கோலை வீசியெறிய, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறது தலபுராணம். நியாயமான கோபம். ஆனால் காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணுமாகத் தவணையில் பார்வை திரும்பும்வரை, மனிதர் நடந்தாக வேண்டுமே. கோல் இல்லாமல் எப்படி?

மகள் வயிற்றுப் பேரனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது, உறவுக்காரர்கள் இந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் டோல்கேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். யார் செய்த பாவம், எந்தக் குலதெய்வத்துக்கு என்ன பாக்கி. கந்துவட்டிக்காரன் மாதிரி விசாரணை. படிக்காதவர்கள் என்று தள்ளவும் முடியவில்லை. 1943-இல் லியோ கேனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி இதற்குப் பெயர் வைத்தாரே, அதன் பிறகு பெரிய பெரிய மருத்துவர்களே பல வருஷம் தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1964-இல் அதை உடைத்துப் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட், அப்படியொரு பிள்ளைக்குத் தகப்பன். டெல்லியில் 1991-இல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' தொடங்கிய மெர்ரி பரூவா ஒரு தாய். தமிழில் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' எழுதிய யெஸ். பாலபாரதியும் ஒரு தகப்பனார்தான்.

மகளுக்குக் கிடைத்த கோலும் அப்படியொரு தாய்தான், தண்டையார்பேட்டைக்காரி. தெரபிக்குக் காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "யூ.டி.ஐ.டி. கார்டுக்குப் போட்டுட்டீங்களாக்கா?" என்றுதான் ஆரம்பித்தாள். அது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. கார்டு இருந்தால் சாதாரண டவுன் பஸ்ஸில் பிள்ளையோடு துணைக்குப் போகிறவருக்கும் டிக்கெட் இல்லை. நேஷனல் டிரஸ்டின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. எல்லாம் அவள் வாயால் வந்தவை. சான்றிதழுக்காக ஐ.எஸ்.ஏ.ஏ. என்று 40 கேள்விகள் வைத்துப் பார்ப்பார்கள், 70-ஐத் தொட்டால் ஆட்டிசம் என்று கணக்கு, அன்றைக்குப் பிள்ளையைச் 'சமத்தா இரு' என்று மிரட்டிக் கூட்டிவராதீர்கள் என்றாளாம். மார்க் கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று பெற்ற தாய்க்கே தெரியாத பரீட்சை இது.

பேரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்குப் பார்வை வரவேண்டியதில்லை; அவன் நன்றாகத்தான் பார்க்கிறான். கோல் எங்களுக்கு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். நான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவன். அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டு. அவனால்தான் அது எவ்வளவு நாராசம் என்று இந்த வயதில் காதில் விழுந்தது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததும் அவனுக்கு ஒரு சொர்க்கம் திறந்தது. ஒலிபெருக்கி சொல்வதற்கு முன்னால், அதே அம்மாளின் குரலில், 'அடுத்த நிலையம் காலடிப்பேட்டை' என்பான். வாய் திறந்து அவன் பேசுவதில் பெரும்பகுதி அதுதான். தப்பே வராது.

மெட்ரோ வந்தது, தெரபி வரவில்லை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்காவது போய்வந்துவிடலாம். 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் கோட்டூர்புரத்தில். 2005-இல் வந்த மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில். டோல்கேட்டிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு ஒரு முழுநாள் போகிறது. கூலி வேலைக்குப் போகிற தாய் வாரம் இரண்டு நாள் எப்படிப் போவாள்? போகமாட்டாள், பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள்.

பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கம்பெனிகளுக்கா பஞ்சம்? நிழற்குடையும் குப்பைத்தொட்டியும் வைத்தது போதும். ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஒரு சிறப்பாசிரியர், மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்து டோல்கேட் பக்கம் ஏதாவது ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார வையுங்கள். வாசலில் பெஞ்சை மட்டும் நீளமாகப் போடுங்கள். பாதி வேலை அங்கேதான் நடக்கும்.