பொன் கறுக்காதது ஏன்?

காஞ்சிமாநகரின் தெற்கே, பாலாற்றங்கரைக்கு அணித்தாக விளங்குவது செவிலிமேடு. அவ்வூரிற் பட்டு நெய்யும் முதியவர் ஒருவர், மறைந்த தம் மனைவியாரின் மணப்புடைவையைப் பெட்டியினின்றும் ஒருநாள் எடுத்தார். ஐம்பது ஆண்டுகட்கு முன் அவரே நெய்த புடைவை அது. அதன் கரை சில இடங்களிற் பொன்னொளி வீசிற்று. சில இடங்களிற் கறுத்திருந்தது. பள்ளியிற் பயிலும் பெயர்த்தி அதன் காரணத்தை வினவினாள்.

"செந்நிறப் பட்டுநூலின்மேல் மெல்லிய வெள்ளியிழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவதே சரிகை, அம்மா. முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி கறுத்துவிட்டது. பொன் கறுக்காது" என்றார் முதியவர்.

அவ்விடை பெயர்த்தியின் ஐயத்தைத் தீர்க்கவில்லை, பெருக்கியது.

தனிமங்களை இயல்பறிந்து முறைப்படுத்தி, 1869ஆம் ஆண்டில் அட்டவணை அமைத்தவர் உருசிய அறிஞர் மெண்டலீவ். அவர், அந்நாளில் அறியப்படாத தனிமங்களுக்கு வெற்றிடம் விட்டு, அவற்றிற்கு 'ஏக' என்னும் வடசொல்லை முன்னிட்டுப் பெயரும் இட்டார். அவற்றுள் ஒன்றாகிய காலியம் 1875இற் கண்டறியப்பட்டது. இன்று 118 தனிமங்கள், பாவும் ஊடையும்போல, 7 வரிசைகளிலும் 18 தொகுதிகளிலும் அமைந்துள்ளன. வரிசையில் இடமிருந்து வலமாகச் செல்லச்செல்ல அணுக்கருவின் ஈர்ப்பு மிகும், அணு சிறுக்கும், உலோக இயல்பு குறையும். தொகுதியிற் கீழே செல்லச்செல்ல அணு பெருக்கும். புற எலக்ட்ரான் எளிதில் நீங்கும். ஆதலின் நீரிற் சோடியத்தினும் பொட்டாசியம் கடுமையாக வினைபுரியும். இவை பொதுவிதிகள்.

செம்பு, வெள்ளி, பொன் ஆகிய மூன்றும் ஒரே தொகுதியின. அவற்றின் அணு எண்கள் முறையே 29, 47, 79. விதிப்படி, கீழுள்ள பொன்னன்றோ முதலிற் கறுத்தல் வேண்டும்? நூல் பிழையோ, பாட்டனார் கண்டது பிழையோ? மறுநாள் அவள் தன் ஆசிரியரை வினவினாள்.

"இரண்டும் பிழையல்ல. எலக்ட்ரானைப் பிணிப்பது அணுக்கருவின் ஈர்ப்பே. வெள்ளிக்கும் பொன்னுக்கும் இடையில் 14 தனிமங்கள் மிகுதியாகப் புகுந்துள்ளன. அவற்றோடு சேர்ந்த எலக்ட்ரான்கள் அவ்வீர்ப்பை நன்கு மறைப்பதில்லை. மேலும், பொன்னணுவின் உட்புற எலக்ட்ரான்கள் ஒளிவேகத்திற் பாதிக்கும் மேலான வேகத்தில் இயங்குவதால், அவ்வணு மேலும் சுருங்குகிறது. ஒரு மோல் அணுக்களினின்று ஒவ்வோர் எலக்ட்ரானை நீக்க, வெள்ளிக்கு 731 கிலோஜூல் ஆற்றல் போதும். பொன்னுக்கோ 890 வேண்டும். ஆதலின், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்கச் செய்யினும், பொன்னை வெல்லமாட்டா" என்றார் ஆசிரியர்.

மாலையில் இதனைக் கேட்ட முதியவர் முறுவலித்தார். "தறியில் ஓர் இழை மாறித் தோன்றினால் நான் உடனே அறுத்துவிடுவதில்லை, அம்மா. அது எங்கிருந்து வருகிறது என்று முதலிற் பார்ப்பேன்" என்று கூறி, புடைவையை வெள்ளைத் துணியிற் பொதிந்து பெட்டியில் வைத்தார்.

விதியைக் கற்றல் நன்று. விதிக்கு மாறானதைக் கண்டவிடத்து அஞ்சாது காரணம் வினவுதல் அதனினும் நன்று.